கேட்காமல்

படிவத்தில் எட்டாவது கட்டம்: குறைபாட்டின் தன்மை.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
எப்சிபாய் என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன்.
எங்கள் வீட்டில் மூன்று பேர்,
மூவருக்கும் ஒன்றுபோல் காது.
குறைந்தது எது என்று
பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டால்தானே தெரியும்.

டாக்டர் நல்லவர். வாயை மெதுவாக அசைத்தார்.
காதுக்குப் பின்னால் சிறு துளை, உள்ளே ஒரு கம்பி,
வெளியே ஒரு காந்தம்.
ஆறு வயதுக்குள் வைத்தால் காப்பீட்டில் இலவசம்.
இரண்டரை வயது கெத்சியாள்
மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் காதைப் பிரித்துப் பார்த்து
நத்தை என்று கையால் சொன்னாள்.
அவள் சொன்னது சரி.

எனக்கு இந்தக் காது சோறு போடுகிறது.
பேட்டை ரைஸ்மில்லில் மற்றவர்கள்
பஞ்சு அடைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில்
நான் சும்மா நிற்பேன்.
"ஒனக்கென்னடே, குடுத்து வச்சவன்" என்பார் முதலாளி.
உதட்டில் படித்திருக்கிறேன், பலமுறை.
புறப்பட்ட பஸ்ஸின் மூடிய கண்ணாடி வழியே
மிச்சக் கதையைச் சொல்லி முடிப்போம்.
வாய் நிறையச் சோற்றோடு சண்டை போடுவோம்.
கொக்கிரகுளத்தில் ஆற்றுக்குள் முங்கி
மூச்சு முட்டும்வரை ஊர் வம்பு.
உங்களால் முடியுமா?
அதற்கு ஒரு கருவி வந்து,
உங்கள் பிள்ளைக்கு மாட்டிவிடுங்கள் என்றால்
எந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடுவீர்கள்?

இது கோபம் இல்லை.
கொஞ்சம் கோபம்தான்.

கேட்பது என்று ஒரு சொல் வைத்திருக்கிறீர்கள்.
சத்தத்துக்கும் அதுவே, சம்மதத்துக்கும் அதுவே.
எங்களிடம் இரண்டுக்கும் வேறு வேறு கை.
தமிழ் எனக்குக் கண் வழியாக வந்த மொழி,
அந்தச் சொல்லின் முன்னால் நெடுநேரம் நிற்பேன்.
அவளைக் கேட்காமல்
அவளைக் கேட்க வைப்பதா?

எப்சிபாய் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.
ஈரக் கையை உதறினாள். பேசப்போகிறாள்.
வைக்காமல் விட்டாலும்
அவளைக் கேட்காமல்தான் விடுகிறோம்.
சும்மா இருப்பது முடிவில்லை என்று
யார் சொன்னது உனக்கு?
பிறகு, கொஞ்சம் பொறுத்து:
பின்னால் வரும் லாரியை
நான் ஒருநாளும் முதலில் பார்த்ததில்லை.
கையைத் துடைக்காமலே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிறு கைமொழி ஆராதனை முடிந்து
தேவசகாயம் அண்ணாச்சியிடம் சொன்னோம்.
கண்ணை மூடிக்கொண்டார்.
எங்களுக்குள் அதைவிடப் பெரிய வசை கிடையாது.
மூடிய கண்ணுக்கு முன்னால்
எவ்வளவு நேரம் கை ஆட்டுவது.

மார்ச்சில் வைத்தார்கள். தையல் ஆறியது.
ஏப்ரலில் ஒருநாள் முடுக்கிவிட்டார்கள்.
அறையில் எல்லோரும் கை தட்டியதைப் பார்த்தேன்.
கெத்சியாள் அழுதாள். நிறுத்தினாள்.
நிமிர்ந்து சுவரையெல்லாம் பார்த்தாள்.
என் பக்கம் திரும்பிப் புருவம் தூக்கி, விரல் நீட்டி:
அது என்ன?

எது?
ஃபேன் சுற்றவில்லை. திரை அசையவில்லை.
ஜன்னலில் காக்கா இல்லை.
அவள் மறுபடியும்: அது.
இதுவரை பிள்ளை கேட்டதற்கெல்லாம்
என்னிடம் ஏதோ ஒரு பதில் இருந்தது,
தெரியாது என்பதாவது.
இப்போது கேள்வியே என் கையில் வரவில்லை.

சீட்டில் எழுதி நர்ஸிடம் நீட்டினேன்:
இங்கே என்ன சத்தம்?
அவர் புரியாமல் பார்த்தார். தலையைச் சாய்த்தார்.
அவருக்கும் அது கேட்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.
ஏசி, என்று எழுதினார்.

படுக்கும்முன் அதைக் கழற்றி,
காந்தம் அல்லவா, பீரோவில் ஒட்டவைக்கிறாள்.
செல்போன் வெளிச்சத்தைச் சுவரில் சாய்த்து
மூவரும் பேசுகிறோம்.
சிலநாள் அணைக்க மறந்துவிடுகிறாள்.
பச்சை விளக்கு விட்டுவிட்டு மினுங்க
விடியும்வரை
எதையோ
பீரோ கேட்டுக்கொண்டிருக்கிறது.